‘இது வெறும் கல்’ என்று சொல்லத் தெரிந்த வழிகாட்டி: வைட் தீவில் ஒரு புதைபடிவ நடை

என் பேரன் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய டைனோசர் எலும்புகளை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தான். அதில் ஒன்று செங்கல் என்பது அன்று காலை பத்தரை மணி வரை எங்கள் யாருக்கும் தெரியாது.

டப்பாவின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்ஸ்மவுத்தில் இருக்கிறாள்; ஆறு மாத விசாவில் வந்திருக்கிறேன். அவள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால் வைட் தீவு நீலக் கோடாகத் தெரியும். அந்தத் தீவின் கரையில் டைனோசர் எலும்பு கிடைக்கும் என்று பேரனுக்கு யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். எட்டு வயது, ஈஸ்டர் விடுமுறை. அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சு இல்லை. புதைபடிவம் தேட ஆட்களைக் கரைக்கு அழைத்துப் போகும் உள்ளூர் வழிகாட்டிகள் தீவில் பலர் இருக்கிறார்கள். எட்டு நாள் இடைவெளியில் இரண்டு பேரோடு நடந்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அரியலூர்ப் பக்கம் 31 ஆண்டு புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கீழே எங்காவது ஆசிரியைக் குரல் தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நடைக்கு நானும் பேரனும் மட்டும் போனோம். போர்ட்ஸ்மவுத்தின் சௌத்சீ கரையிலிருந்து தீவிலுள்ள ரைடுக்கு, ஹோவர்கிராஃப்ட் என்ற காற்றுமெத்தைப் படகில் பத்தே நிமிடம். அவனுக்கு அதுவே பாதித் திருவிழா. ரைடிலிருந்து தீவின் குட்டி ரயில். லண்டன் பாதாள ரயிலில் ஓடி முடித்த பெட்டிகளைப் புதுப்பித்து இங்கே ஓட்டுகிறார்கள் என்று தெரிந்ததும், ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எனக்கு அந்த ரயில்மீது தனி மரியாதை வந்துவிட்டது.

அன்றைய நடை எந்தக் கரையில், யார் நடத்தியது என்று எழுத விரும்பவில்லை. தினமும் 11 மணிக்கு நடை என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்தபோதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். கடல் விலகி நிற்கும் வேளையில் நடக்க வேண்டிய நடை, தினமும் ஒரே மணிக்கு எப்படித் தொடங்கும்? அன்று அமாவாசை வேறு. இந்தக் கரைகளில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நண்பகலை ஒட்டித்தான் கடல் முழுக்க ஏறி நிற்கும். ஏறக்குறைய நாற்பது பேர் நின்றோம். கழுத்தில் ஒலிபெருக்கி மாட்டிய வழிகாட்டி ஒருவர். “தாழ் ஓதம் எத்தனை மணிக்கு?” என்று கேட்டேன். கைபேசியை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டார்.

கடல் எங்களைக் கரையோரச் செங்குத்துப் பாறையின் அடிவாரத்தை நோக்கி நெருக்கிக்கொண்டே வந்தது. இதைத்தான் ‘கடல் ஓங்கல்’ என்று எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அரை வட்டம் போட்டு அம்புக்குறியும் போட்டிருக்கிறேன். அதன் காலடியில் முதுகை ஒட்டி நின்றது அன்றுதான். மேலேயிருந்து ஒரு கைப்பிடி மண் சரசரவென்று சரிந்து என் தோளில் விழுந்தது. பேரனைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கமாகப் போனேன், காலணி நனைந்தாலும் பரவாயில்லை என்று.

அந்த வழிகாட்டி பேச்சில் குறை வைக்கவில்லை. பிள்ளைகளைச் சிரிக்கவும் வைத்தார். ஆனால் ‘இல்லை’ என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. எந்தப் பிள்ளை எதை நீட்டினாலும், “அருமை! எலும்பு!” கோயிலில் சுண்டல் கொடுப்பதைப் போல ஆளுக்கு ஒரு எலும்பு கிடைத்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஏழு.

இரண்டாவது நடை, மருமகன் வற்புறுத்தியதால். போர்ட்ஸ்மவுத்திலிருந்து ஃபிஷ்போர்னுக்குக் காரோடு கப்பலில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து தீவின் தென்மேற்குக் கரைக்குப் போய், காம்ப்டன் விரிகுடாவை ஒட்டிய ஹனோவர் முனையில் காரை நிறுத்தினோம். முந்தின நாள் மாலையே வழிகாட்டியிடமிருந்து செய்தி வந்திருந்தது: தாழ் ஓதம் பன்னிரண்டரை, ஆகவே பத்தேகாலுக்குத் தொடக்கம், காற்று அதிகம், கணுக்கால் மூடும் காலணி வேண்டும், சுத்தியல் கொண்டுவர வேண்டாம். கடைசி வரியைப் படித்துவிட்டுப் பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கு முதல் வரியிலேயே நம்பிக்கை வந்துவிட்டது.

ஐம்பதை ஒட்டிய பெண்மணி. பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லையாம். பெரியவருக்கு 12 பவுண்டு, பிள்ளைக்கு 6. முதல் நடைக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

பத்து நிமிடம் வரை ஒரு அடிகூட நடக்கவிடவில்லை. ஒரு பிளாஸ்டிக் தட்டில் பத்துப் பதினைந்து கறுப்புத் துண்டுகளை வைத்துச் சுற்றுக்கு விட்டார். எலும்பு இரண்டே இரண்டு. மற்றவை மரக்கரி, இரும்புக்கல், சாதாரணக் கடற்கரைக் கல். இந்தக் கரையில் எலும்பு கறுப்பாகவோ அடர்ந்த பழுப்பாகவோ இருக்கும் என்றார். மண்ணுக்குள் கிடந்த காலத்தில் இரும்புச் சத்துள்ள கனிமங்கள் எலும்பின் துளைகளுக்குள் ஏறிவிட்டன. அதனால்தான் கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். கரியாகிப்போன மரமும் இதே கறுப்புதான், ஆனால் கனம் இருக்காது. நீளவாக்கில் நார் தெரியும், காய்ந்தால் விரிசல் விடும். எலும்பின் உடைந்த முகத்தில் நெருக்கமாகத் துளைகள் இருக்கும். தேன்கூட்டு மிட்டாயைப் போல என்று அவர் மற்றவர்களுக்குச் சொன்னார். பேரனுக்கு அது பிடிபடவில்லை. “தீய்ந்துபோன மைசூர்பாகை உடைத்தால் எப்படி இருக்கும்?” என்று நான் காதில் சொன்னதும் பிடித்துக்கொண்டான். தட்டு இரண்டாம் சுற்று வருவதற்குள் எலும்பு இரண்டையும் பிரித்து எடுத்துவிட்டான்.

அந்தத் தெம்பில்தான் பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினான்.

அவர் சிரிக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியால் ஏழையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலாவது சக்கிமுக்கிக் கல். அடுத்த இரண்டும் இரும்புக்கல். நான்காவது, ஏதோ உலையில் உருகி வழிந்த கசடு. ஐந்தாவது மரக்கரி. “இது மரம்; உண்மையிலேயே பழசு” என்று அதைத் தனியே எடுத்து வைத்தார். ஆறாவதும் கல். ஏழாவதை நகத்தால் கீறிப் பார்த்தார். விரல் நுனியில் சிவப்பு ஒட்டியது. “இது செங்கல். கடல் உருட்டி உருட்டி வழவழப்பாக்கிவிட்டது. நானும் சின்ன வயதில் இப்படி ஒரு செங்கல்லை இரண்டு வருடம் வைத்திருந்தேன்” என்றார். பையனின் கீழுதடு துடிக்கத் தொடங்கியது. எனக்கே அவர்மீது ஒரு கணம் கோபம் வந்தது. அவர் எழுந்து தட்டை அவன் கையில் கொடுத்தார். “இன்று யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் நீ பார். எலும்பு இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடு. சந்தேகம் வந்தால் மட்டும் என்னிடம் கொண்டுவா.”

31 ஆண்டில் இந்த வித்தை எனக்குத் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

கரையில் இறங்கிச் சிறிது தூரம் போனதும் மருமகன் காலணிக் கயிற்றைக் கட்ட ஒரு பாறையில் உட்கார்ந்தார். “நீங்கள் உட்கார்ந்திருப்பது ஒரு கால்” என்றார் வழிகாட்டி. மருமகன் துள்ளி எழுந்தார். முறத்தைவிடச் சற்றுச் சிறிய பாறை. தடித்த மூன்று விரல்கள் துலக்கமாகத் தெரிந்தன. இக்குவானோடான் வகையைச் சேர்ந்த தாவர உண்ணி டைனோசர் ஒன்று ஈரச் சேற்றில் மிதித்திருக்கிறது. அந்தக் குழிக்குள் ஆற்று மணல் வந்து நிரம்பி இறுகியிருக்கிறது. சேறு அச்சு, மணல் கொழுக்கட்டை. அச்சைக் கடல் கரைத்துவிட, கொழுக்கட்டை மட்டும் கரையில் உருண்டு கிடக்கிறது. ஒன்றைக் காட்டிய பிறகு பார்த்தால் சுற்றிலும் அப்படி நாலைந்து கிடந்தன. அவர் காட்டியிராவிட்டால் அவற்றில் ஒன்றின்மேல் நானே சாப்பாட்டுப் பையை வைத்திருப்பேன்.

பாடம் நடத்தும் முறையில் இவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். இந்த விரிகுடாவில் பாறை அடுக்குகள் சாய்ந்து கிடக்கின்றன. எங்கள் தலைக்கு மேல் செம்மண்ணும் கருஞ்சிவப்புமாக இருந்த ஓங்கல், மேற்கே போகப் போகச் சாம்பலாகி, பழுப்பாகி, தொலைவில் வெள்ளை வெளேரென்று சுண்ணப்பாறையாக முடிந்தது. மணலில் குச்சியால் சாய்கோடுகள் போட்டு, “சரிந்துகிடக்கும் புத்தக வரிசை இது. நாம் நிற்பது பழைய புத்தகத்தில். மேற்கே நடந்தால் ஒவ்வொன்றாகப் புதிது” என்றார். நாங்கள் நின்ற இடத்துக்கு வயது ஏறத்தாழ 12.5 கோடி ஆண்டு. அப்போது இது கடற்கரை அல்ல, ஆற்றுச் சமவெளி. மழை இல்லாத மாதங்களில் காடு பற்றி எரியும். பிறகு வெள்ளம் வந்து கரிந்த மரம், செத்த விலங்கு, நத்தை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டுபோய்ப் பள்ளங்களில் குவிக்கும். அந்தக் குவியல்கள்தான் இன்று சாம்பல்நிறப் பட்டைகளாகத் தெரிகின்றன. எலும்பு பெரும்பாலும் அவற்றிலிருந்துதான் வருகிறது. மரக்கரியும் எலும்பும் ஏன் கலந்தே கிடக்கின்றன என்பதற்கு எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. முதல் நடையில் கிடைத்ததெல்லாம் ‘ராட்சத விலங்குகளின் உலகம்!’ என்ற முழக்கம்தான்.

இந்த முனையில் நான் ஆசையாகக் காத்திருந்தது கல்மரங்களுக்காக. அடித்துவரப்பட்ட பெரிய மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தேங்கிக் கல்லாகி, கடல் வற்றும்போது வெளியே தெரியும். ‘பைன் தெப்பம்’ என்று சொல்லும்படியான பெயர் அதற்கு. எங்கள் சாத்தனூர்க் கல்மரத்துக்குப் பிள்ளைகளை வருடம் தவறாமல் அழைத்துப் போனவள் நான். அங்கே 18 மீட்டர் நீள மரம். வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். இங்கே மரத்தின்மேலேயே நடக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அன்று அஷ்டமி. கடல் அதிக தூரம் பின்வாங்காத நாள். தெப்பத்தின் ஓரம் மட்டும் தலைகாட்டியது. அதுவும் பாசி படிந்து வழுக்கியது. இரண்டு அடி வைத்துவிட்டு முழங்கால் பேச்சைக் கேட்டுத் திரும்பிவிட்டேன். நாளைச் சரியாகப் பார்க்காமல் பதிவு செய்தது என் தவறு. இதை அவர் முந்தின நாள் செய்தியிலேயே ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

கரை விதிகளை அவர் சொன்னபோது பிள்ளைகள்கூடக் கவனமாகக் கேட்டார்கள். ஓங்கலைத் தோண்டக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடம். தளர்ந்து கரையில் கிடப்பதை எடுக்கலாம். காலடி அச்சுகளை நகர்த்தக் கூடாது. அரிதாக ஏதாவது தென்பட்டால் சாண்டௌன் ஊரிலுள்ள டைனோசர் அருங்காட்சியகத்தில் காட்ட வேண்டும். இந்தக் கடைசி விதியின் அருமைக்கு அவரிடம் கதைகள் இருந்தன. 2008இல் நாலைந்து வயதுச் சிறுமி ஒருத்தி இதே தீவின் அதர்ஃபீல்ட் கரையில் எடுத்த எலும்புகள், அதுவரை யாரும் அறியாத ஒரு பறக்கும் ஊர்வனவுடையவை. 2013இல் அதற்குப் பெயர் வைத்தபோது அந்தச் சிறுமியின் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். நாங்கள் நின்ற காம்ப்டனிலேயே 2013இல் உள்ளூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் கண்ட டைனோசர் எலும்புக்கூட்டில் 149 எலும்புகள். 2024இல் அதற்குக் காம்ப்டோனேட்டஸ் என்று பெயரிட்டார்கள். பேரன் அந்த நொடியிலிருந்து தன் பெயருக்குப் பின்னால் என்ன விகுதி போட்டால் நன்றாக இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கினான்.

பக்கத்து பிரைஸ்டோன் கிராமத்தில் 19ஆம் நூற்றாண்டில் இருந்த பாதிரியார் வில்லியம் ஃபாக்ஸ் பற்றியும் சொன்னார். தேவாலயத்தில் இருந்த நேரத்தைவிடக் கரையில் எலும்பு பொறுக்கிய நேரம் அதிகம் என்று ஊரில் பேச்சாம். அவர் பெயரைத் தாங்கிய டைனோசர் இனங்கள் சில உண்டு. 1881இல் அவர் இறந்த பிறகு அவருடைய சேகரிப்பு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது. சுவையான கதைதான், ஆனால் காற்றில் நின்றுகொண்டு கால் மணி நேரம் கேட்க முடியாது.

தீவின் வேறொரு கரையில் கிடைத்த அம்மோனைட் ஒன்றை, அதாவது அழிந்துபோன கடல் உயிர் ஒன்றின் கல்லாகிய ஓட்டை, பையிலிருந்து எடுத்துக் காட்டினார். சுருண்ட ஆட்டுக்கொம்பு மாதிரி. அந்தக் காலத்து இங்கிலாந்தில் இதைக் கல்லாக மாறிய பாம்பு என்று நம்பினார்களாம். “எங்கள் ஊரில் இதற்குத் துளசி வைத்து அபிஷேகம் செய்வோம், சாளக்கிராமம் என்று பெயர்” என்றேன். குறிப்பேட்டை எடுத்து, அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களிலும் அம்மோனைட் கிடைக்கும் என்றதும், பன்னிரண்டு பேரையும் நிறுத்திவைத்துவிட்டு என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்வதில் அவருக்குக் கூச்சமே இல்லை.

இதற்கிடையில் தட்டுக்காரர் கறாராகத் தொழில் செய்துகொண்டிருந்தார். எல்லாரும் கொண்டுவந்ததில் நாற்பதுக்கு மேல் தள்ளுபடி. மருமகன் நீட்டிய மூன்றும் கல். நான் ஆசையாக எடுத்த ஒன்றையும், “அம்மாச்சி, இது வெறும் கல்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். குழுவில் ஒரு குடும்பம் நாயோடு வந்திருந்தது; அது கொண்டுவந்த சுள்ளியையும் விதிப்படி பரிசோதித்தான்.

பன்னிரண்டே முக்கால் இருக்கும். திரும்பும் வழியில், கூழாங்கல்லுக்கு நடுவே கட்டைவிரல் அளவில் ஏதோ ஒன்றை அவனே குனிந்து எடுத்தான். வழிகாட்டியிடம் நீட்டி, “ஒன்றுமில்லை என்றுதான் நினைக்கிறேன்” என்றான். அவர் பூதக்கண்ணாடியில் பார்த்தார். எதுவும் சொல்லாமல் கல்லையும் கண்ணாடியையும் சேர்த்து அவன் கையிலேயே கொடுத்து, “நீ சொல்” என்றார். அவன் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தான், கனம். கடல்நீரில் நனைத்தான். நார் இல்லை. உடைந்த முகத்தைக் கண்ணாடிக்குக் கீழே கொண்டுவந்தான். கறுப்பு, கறுப்புக்குள் ஊசிமுனைத் துளைகள், ஒரு துளைக்குள் பொன் தூள் மாதிரி ஒரு மினுக்கம். “மைசூர்பாகு!” என்று தமிழிலேயே கத்தினான். “அப்படியென்றால்?” என்று அவர் என்னைப் பார்த்தார். எலும்பு என்று மொழிபெயர்த்தேன்.

எலும்புதான். எந்த விலங்கு, எந்த இடத்து எலும்பு என்று கேட்டான். இவ்வளவு சிறிய துண்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது என்றார். பையன் முகம் வாடவில்லை. முதல் நடையின் ஏழு ‘அருமை’யையும் ஒரு தட்டில் வைத்தால், இந்த ஒன்றின் பக்கம்தான் தாழும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அவர் நடந்துகொண்டே பேசுகிறார். காற்று எதிரே அடித்தால் பின்வரிசைக்குப் பாதிதான் கேட்கும். இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்த நடை மூன்று மணி நேரம் ஆனது. இறங்கியபின் கழிவறை கிடையாது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. மெதுவாக நடப்பவர்களுக்காக அவர் நிற்பார், ஆனால் நாம் வந்து சேர்ந்த மறுகணமே புறப்பட்டுவிடுவார். நமக்கு மூச்சு வாங்க நேரமில்லை. ஊன்றுகோல் கொண்டுபோங்கள். கோடையைவிடக் குளிர்காலப் புயலுக்குப் பிறகுதான் கரையில் அதிகம் கிடைக்கும் என்கிறார். அந்தக் குளிர் உங்களால் முடியுமா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயரை எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. தீவில் இதே வேலையை ஒழுங்காகச் செய்பவர் அவர் ஒருவர் மட்டுமாக இருக்க முடியாது. யாரிடம் பதிவு செய்தாலும் தொடங்கும் நேரத்தைப் பாருங்கள். இந்த வாரமும் அடுத்த வாரமும் அதே மணி என்றிருந்தால் விட்டுவிடுங்கள். எத்தனை பேர் என்று கேளுங்கள். போனவர்கள் எழுதியிருப்பதைப் படித்து, ‘எல்லாருக்கும் எலும்பு கிடைத்தது’ என்று இருந்தால் கூடுதல் எச்சரிக்கையோடு இருங்கள்.

அடுத்த நடைக்கு ஆகஸ்டில் பௌர்ணமிக்கு மறுநாள் பதிவு செய்திருக்கிறோம். மாலை நான்கு மணிக்குத் தொடக்கம். தெப்பம் முழுதாகத் தெரியும் என்று எழுதியிருக்கிறார். விமானம் செப்டம்பரில்தான்.

கிளம்பும்போது பேரனிடம் ஒன்று சொல்லி அனுப்பினார். அந்தத் துளைக்குள் மினுங்கியது பொன் அல்ல, இரும்புக் கந்தகம். ஈரம் பட்டால் சில காலத்தில் வெள்ளைப் பொடியாகப் பூத்து, கந்தக வாசனை வந்து, எலும்பையே உடைத்துவிடும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்து, நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். பிஸ்கட் டப்பா இப்போது அதற்குத்தான். செங்கல்லையும் அவன் எறியவில்லை. அது ஜன்னல் திண்டில் இருக்கிறது. தினமும் பள்ளி விட்டு வந்ததும் டப்பாவைத் திறந்து எலும்பை முகர்ந்து பார்க்கிறான். இன்றுவரை பிஸ்கட் வாசனைதான் வருகிறது.